புதுப்பிப்பு: 300 வாட் கணினியில் புது கிராஃபிக்ஸ் கார்டு ஓடுகிறது

பழைய ஆபீஸ் டெஸ்க்டாப், 300 வாட் பவர் சப்ளை, கார்டுக்கென்று தனி பவர் கேபிளே இல்லை. கேம் ஆட எதைப் போடலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி ஆர்டிஎக்ஸ் 3050 கார்டின் 6 ஜிபி வகையையே வாங்கினேன். அது இழுப்பது 70 வாட். கார்டைச் செருகும் மதர்போர்டு ஸ்லாட்டே 75 வாட் வரை கொடுக்கும். இதே பெயரில் வரும் 8 ஜிபி கார்டுக்குத் தனி பவர் கேபிள் வேண்டும், பெட்டியை ஒருமுறை நன்றாகப் பார்த்து வாங்குங்கள்.

மாட்டும்போது டிஸ்க்கை மதர்போர்டில் இணைக்கும் சாட்டா கேபிளின் முனை கார்டின் ஃபேனில் இடித்தது. கேபிளைப் பக்கத்து போர்ட்டுக்கு மாற்றிய பிறகுதான் ஸ்லாட்டின் கொக்கி 'டக்'கென்று விழுந்தது.

அப்புறமும் கேம் திக்கித் திக்கித்தான் ஓடியது. உண்மையில் மனம் உடைந்துவிட்டது. குறை கார்டில் இல்லை. ஒரே ஒரு 8 ஜிபி ரேம்தான் இருந்தது. அதே வேகத்தில் இன்னொன்றைச் சேர்த்து டூயல் சேனல் (இரண்டு ரேமும் ஒரே நேரத்தில் சேர்ந்து வேலை செய்யும் முறை) ஆக்கியதும் திக்கல் நின்றது. ரேமைப் பார்க்கச் சொன்ன நண்பருக்கு மனமார்ந்த நன்றி. மானிட்டர் கேபிளைப் புது கார்டில் செருக மறக்காதீர்கள்.