‘அவர்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? ஹீ, ஷீ, தே

மல்லாவி கேட்டது:

கிளிநொச்சி, முல்லைத்தீவு கிராமச் சங்கங்களின் கூட்டக் குறிப்புகள், கள அறிக்கைகள், தனியாட்களின் முறைப்பாடுகள் ஆகியவற்றைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றும் வேலை. மூன்று இடத்தில் திரும்பத் திரும்பத் தடை வருகிறது.

மூலத்தில் "அவர் சொன்னார்" என்று மட்டும் இருக்கும். ஆணா பெண்ணா என்று பந்தி முழுக்கத் தேடினாலும் இல்லை. ஆங்கிலத்தில் ஹீ அல்லது ஷீ ஒன்றைத் தெரிவு செய்தே ஆக வேண்டியிருக்கிறது.

"தே" போட்டால் பலர் என்று வாசிப்பார்கள் என்று மேலிடம் திருப்பி அனுப்புகிறது. "ஹீ ஓர் ஷீ" போட்டால் ஒரே பந்தியில் ஐந்தாறு தரம் வந்து வாசிக்க முடியவில்லை.

இளையோர் பயிற்சியில் பங்குபற்றிய ஒருவர் தன்னை ஆண் என்றோ பெண் என்றோ எழுத வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். தமிழ் அறிக்கையில் "அவர்" போதும். ஆங்கிலத்தில் என்ன செய்வது? அதே ஆவணம் திரும்பத் தமிழுக்கு வரும்போது எப்படி எழுதுவது?

---

நெடுங்கேணி:

உங்கள் முன்னால் இருக்கும் "அவர்" யார் என்று முதலில் பிரியுங்கள். குறிப்பிட்ட ஓர் ஆளா, பொதுவாக யாரோ ஒருவரா, தன்னை எப்படிக் குறிக்க வேண்டும் என்று சொல்லிவிட்ட ஆளா? மூன்றுக்கும் ஒரே விடை தேடுவதால்தான் இந்த இழுபறி.

குறிப்பிட்ட ஆள் என்றால் தகவல் எங்கோ இருக்கிறது, ஊகிக்காமல் தேடுங்கள். வரவுப் பட்டியலில் திரு, திருமதி, செல்வி, செல்வன் இருக்கும். முறைப்பாட்டுப் படிவத்தில் அடையாள அட்டை எண் இருக்கும். ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 78543 என்று தொடங்கினால் 1978இல் 43ஆவது நாள், அதாவது பெப்ரவரி 12இல் பிறந்த பெண். 2016 முதல் வழங்கும் 12 இலக்க எண்ணில் ஆண்டு நான்கு இலக்கமாக வருவதால் ஐந்தாம், ஆறாம், ஏழாம் இலக்கங்களைப் பாருங்கள். இது பதிவேட்டில் உள்ள பால் மட்டுமே. ஆள் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் ஆள் சொன்னதே நிற்கும். மூலத்தில் அந்த எண் இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பில் அதைப் புகுத்தக் கூடாது.

பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். செல்வம், மணி, சசி, ரஜனி எல்லாம் இரு பாலாருக்கும் உள்ள பெயர்கள். பதவியை வைத்து முடிவெடுப்பது அதைவிட மோசம். கிராம அலுவலர், அதிபர், கண்ணிவெடி அகற்றும் பணியாளர் என்றதும் கை தானாக ஹீ என்று அடித்துவிடும். வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலையில் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லால் நிதி தருபவர் வாசிக்கும் அறிக்கையில் அவர்களுடைய உழைப்பு ஆண்களின் கணக்கில் ஏறிவிடுகிறது. "குடும்பத் தலைவர்" என்ற சொல்லும் அப்படித்தான். பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் இத்தனை உள்ள மாவட்டங்களில் அதற்கு ஹீ போடுவது தகவல் பிழை.

பொதுவான ஆள் என்றால் வசனத்தையே மாற்றுங்கள். "ஒவ்வொரு கமக்காரரும் தனது வாய்க்காலைத் துப்புரவாக்க வேண்டும்" என்பதை ஆங்கிலத்தில் பன்மையில் தொடங்குங்கள்: ஃபார்மர்ஸ் என்று எடுத்தால் தெயர் இயல்பாகவே பொருந்தும். படிவ அறிவுறுத்தல் என்றால் முன்னிலைக்கு மாற்றி யூ, யுவர். பல இடங்களில் "தனது" என்பதை மொழிபெயர்க்கவே தேவையில்லை. "விண்ணப்பதாரர் வராவிட்டால் அவர் மீண்டும் பதிய வேண்டும்" போன்ற நிபந்தனை வசனத்தை ஹூ வைத்து "வராத விண்ணப்பதாரர் மீண்டும் பதிய வேண்டும்" என்ற அமைப்புக்குக் கொண்டுவந்தால் பிரதிப்பெயரே வேண்டியதில்லை. இவற்றுக்கும் மசியாத வசனத்துக்கு ஒருமைத் தே, அதாவது ஒரே ஆளைக் குறிக்க வரும் தே. "ஹீ ஓர் ஷீ" ஒரு பந்தியில் இரண்டாவது தரம் வந்தால் அந்த வசனம் இன்னும் திருத்தப்படவில்லை என்று எடுங்கள்.

காணி ஆவணங்களில் கூடுதல் கவனம் வேண்டும். "மூத்த பிள்ளை" என்பதை மூத்த மகன் என்ற பொருளில் எழுதிவிடாதீர்கள். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, பின்னுரித்தில், அதாவது உரியவர் இறந்தபின் காணி யாருக்குப் போகும் என்பதில், மகன்மாரை மகள்மாருக்கு முன்னால் வைத்திருந்தது. 2022இல்தான் அது திருத்தப்பட்டது. பழைய அனுமதிப்பத்திரப் பிணக்கு ஒன்றில் அந்த ஒரு சொல்லே காணி யாருக்கு என்பதைத் திசைமாற்றக் கூடியது.

---

வட்டக்கச்சி:

நெடுங்கேணி சொன்னதுக்கு முன்னால இன்னொரு படி இருக்கு. ஆங்கிலத்துக்குப் போக முன்னமே, ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுற மேசையிலேயே பால் துலைஞ்சு போகுது.

எங்கட பேச்சில அவர் வேறை, அவா வேறை. அவர் வந்தவர், அவா வந்தவா, அவை வந்தவை. மூண்டும் வடிவாப் பிரிஞ்சு நிக்குது. எழுதுறவர் இதைச் செந்தமிழாக்கிறன் எண்டு அவர், அவா ரெண்டையும் "அவர் வந்தார்" எண்டு போட்டுடுறார். பேசினவ சொன்ன தகவல் அதோட போச்சு. பிறகு மொழிபெயர்க்கிறவர் ஆணா பெண்ணா எண்டு முழிக்கிறார்.

ஆனபடியால் கேட்டு எழுதுறவைக்கு ஒரு விதி குடுங்கோ: அவா எண்டு கேட்டால் அவா எண்டே எழுதோணும். அலுவலக நடை கட்டாயமெண்டால் "அவர் (பெ)" எண்டு குறிச்சு வைச்சுக் கடைசிப் பிரதியில அடைப்பை எடுக்கலாம். உவர், உவா, இவர், இவாவுக்கும் இதுதான். "அவை" எண்டதையும் கவனியுங்கோ. எங்களுக்கு அது ஆக்கள், வெளியிடத்து மொழிபெயர்ப்பாளர் எழுத்துத் தமிழில பார்த்து ஆடு மாடு எண்டு நினைச்சுப்போடுவார்.

"பிள்ளை" எண்டு வந்தால் நிண்டு பாருங்கோ. கைக்குழந்தையும் பிள்ளை, பள்ளிக்கூடம் போறதும் பிள்ளை, 25 வயது மகளும் பிள்ளை. கதைக்கேக்குள்ள இளம்பெண்ணைக் கூப்பிடுறதும் பிள்ளை எண்டுதான். வயசு கேளாமல் சைல்ட் எண்டு போட்டால் வளந்த பெண்ணின்ர முறைப்பாடு சிறுவர் விவகாரமா மாறிப்போகும். "பிள்ளை அழுதுது, அது சாப்பிடேல்லை" எண்டதில வாற அது பாசத்தில வாறது. அதை இட் எண்டு ஒருக்காலும் மாத்தக் கூடாது.

உறவுமுறையில நிலைமை மற்றப் பக்கம். மச்சாளைக் கசின் எண்டு போட்டவுடன பெண் மறைஞ்சு போறா. பக்கத்து வசனத்தில ஷீ எண்டு வரப்பண்ணி அதை மீட்டுக் குடுக்கோணும்.

---

மல்லாவி:

"அவா" விசயத்தை இப்பவே எழுதுறவர்களுக்குச் சொல்கிறேன், நன்றி அக்கா. ஒருமைத் தே இலக்கணப் பிழை என்று மேலிடம் நிற்கிறது. எதைக் காட்டி விளங்கப்படுத்தலாம்?

---

முரசுமோட்டை:

ஒருமைத் தே புதுப்பழக்கம் இல்லை. 14ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்திலேயே அது உண்டு. ஹீ என்பது இரு பாலையும் அடக்கும் என்ற விதிதான் பிந்தி வந்தது. 18ஆம் நூற்றாண்டு இலக்கண நூல்கள் அதை எழுதிவைத்தன, 1850இல் பிரித்தானிய நாடாளுமன்றம் சட்ட வாசகங்களுக்கு அதைச் சட்டமாகவே ஆக்கியது. இலங்கையின் 1901ஆம் ஆண்டுப் பொருள்கோடல் கட்டளைச் சட்டத்திலும் அதே ஏற்பாடு இருக்கிறது. அதனால் சட்ட வாசகத்தை அப்படியே மேற்கோள் காட்டும்போது அங்குள்ள ஹீயைத் தொடாதீர்கள். உங்கள் சொந்த வசனத்தில் மட்டும் மாற்றுங்கள்.

பன்மைச் சொல் ஒருவருக்கு வரலாமா என்று கேட்டால் யூ என்பதைக் காட்டுங்கள். ஆங்கிலத்தில் முன்னிலை ஒருமைக்குத் தௌ என்ற சொல் இருந்தது. பன்மையான யூ மரியாதைக்காக ஒருவருக்கும் வழங்கி, தௌவையே வழக்கிலிருந்து தள்ளிவிட்டது. இன்றும் ஒரே ஆளைப் பார்த்து "யூ ஆர்" என்று பன்மை வினைதான் சொல்கிறார்கள். புதுச் சொல் ஆக்கியும் பார்த்தார்கள். சார்ள்ஸ் கன்வேர்ஸ் என்ற அமெரிக்கர் 1858இல் ஆக்கிய தொன் என்ற சொல் 1934ஆம் ஆண்டு வெப்ஸ்டர் அகராதியில் ஏறி, 1961ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கப்பட்டது. பெயர்ச்சொற்களுக்குள் புதியது எளிதில் நுழையும். பிரதிப்பெயர்கள் மிகச் சிறிய கூட்டம், நாளுக்கு நூறு தரம் யோசிக்காமல் வாயில் வருபவை, அங்கே புதியது நிலைப்பது கடினம். ஏற்கெனவே வாயில் இருந்த தே நிலைத்ததற்கு அதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

தமிழ் படித்த மேலிடம் என்றால் தொல்காப்பியத்தையே காட்டலாம். "ஒருவர்" என்ற பெயர் ஆண், பெண் இரு பாலுக்கும் உரியது, பன்மை வினை கொள்ளும் என்று அங்கே விதி உண்டு, நன்னூலும் அதைச் சொல்கிறது. "ஒருவர் வந்தார்" என்பதன் கட்டமைப்பும் ஒருமைத் தேயின் கட்டமைப்பும் ஒன்றுதான். "அவர்" கூட முதலில் பலர்பால். "ஒருவரைக் கூறும் பன்மைக் கிளவி" வழக்கில் வருவது, இலக்கண நெறி ஆகாது என்றுதான் தொல்காப்பியர் வகுத்தார். அந்த வழக்கு வென்று, உண்மையான பன்மைக்குக் "கள்" சேர்த்து "அவர்கள்" வந்தது. ஆங்கிலத்துக்கு அந்தக் "கள்" கிடைக்கவில்லை. எத்தனை பேர் என்ற சந்தேகம் தேயோடு ஒட்டியே வருவது அதனால்தான், உங்கள் மேலிடத்தின் பயத்தில் அந்தளவுக்கு நியாயம் உண்டு.

கையேடு கேட்டால் அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்து நடைக் கையேடு, 2019இல் வந்த 7ஆம் பதிப்பு. பொதுவான ஆளுக்கும், தனக்குத் தே வேண்டும் என்று சொன்னவருக்கும் ஒருமைத் தேயை அது ஏற்கிறது. மெரியம்-வெப்ஸ்டர் அகராதியும் ஆண் பெண் என்ற இரண்டுக்குள் தன்னை அடக்காத ஒருவரைக் குறிக்கும் தேயை அதே ஆண்டில் சேர்த்தது.

எழுதும்போது வினையைப் பாருங்கள். பெயர் எழுவாயாக இருந்தால் "இஸ்", அடுத்த வசனத்தில் தே வந்தால் "ஆர்". "தே இஸ்" என்று எழுதக் கூடாது. தெம்செல்ஃப், தெம்செல்வ்ஸ் இரண்டும் காணப்படுகின்றன, ஓர் ஆவணத்துக்குள் ஒன்றையே பிடியுங்கள்.

அந்த இளையவர் விடயத்தில் அவசரப்படாதீர்கள். தமிழில் "அவர்" என்று எழுதினால் யாரும் கவனிக்கமாட்டார்கள். ஆங்கிலத்தில் மற்ற எல்லோருக்கும் ஹீ, ஷீ போட்டு ஒருவருக்கு மட்டும் தே போட்டால், சிறிய ஊரில் அது யாரென்று தெரிந்துவிடும். அந்த அறிக்கை யார் யார் கைக்குப் போகும் என்று அவரிடம் சொல்லி, தே வேண்டுமா, பெயரையே திருப்பி எழுதுவதா, "பங்குபற்றுநர் 7" போல இலக்கமா என்று கேளுங்கள். மிகப் பாதுகாப்பான வழி, அந்தப் பகுதியில் வரும் எல்லாப் பங்குபற்றுநருக்கும் தே போடுவது.

---

ஒட்டுசுட்டான்:

ஒருமைத் தே வரவே கூடாத இடம் ஒன்று உண்டு: காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய முறைப்பாடுகள். "அவரைப் படையினரிடம் ஒப்படைத்தோம்" என்பதில் அவரைத் தெம் என்று போட்டால் ஒப்படைக்கப்பட்டது ஒருவரா பலரா என்ற கேள்வி எழும். பின்னால் வரும் விசாரணையில் தாயின் வாக்குமூலம் முன்னுக்குப் பின் முரண் என்று சொல்ல அது போதும். ஒவ்வொரு இடத்திலும் "என் மகன்", "என் மகள்", அல்லது பெயர். திரும்பத் திரும்ப வந்து நடை கெட்டாலும் பரவாயில்லை. படையினரைக் குறிக்கும் "அவர்கள்" அதே பந்தியில் வந்தால் அங்கும் தே போடாமல் "சோல்ஜர்ஸ்" என்றே எழுதுங்கள்.

ஆங்கிலப் பிரதிப்பெயரில் மரியாதைக்கு இடமில்லை என்பதும் இங்கேதான் உறைக்கும். கணவரை "அவர்" என்று சொல்லிக்கொண்டு வந்த பெண், கொண்டுபோனவனை "அவன்" என்கிறார். இரண்டும் ஹீ ஆகும்போது யார் யாருக்கு என்ன செய்தார் என்பதே கலங்கிவிடும். ஒவ்வொரு ஹீக்கும் முன்னால் ஆளை இனங்காட்டும் பெயர்ச்சொல் இருக்கிறதா என்று பாருங்கள். "அவர்" நடுவழியில் "அவன்" ஆக மாறினால் சதுர அடைப்புக்குள் மொழிபெயர்ப்பாளர் குறிப்பாக அதை எழுதுங்கள். அந்த மாற்றமும் வாக்குமூலத்தின் பகுதி.

---

நெடுங்கேணி:

தமிழுக்குத் திரும்ப வருவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒருமைத் தேயை "அவர்கள்" என்று எழுதுவதுதான் அதிகம் வரும் பிழை. "அவர்" என்று எழுதி "ஆர்" விகுதி வினை கொடுங்கள். தெயர் என்பது "தன்", "தனது", "அவருடைய". சிங்கள மூலம் இடையில் இருந்தால், பேச்சுச் சிங்களத்தின் "எயா" இரு பாலுக்கும் பொது, அதையும் "அவர்" என்றே கொண்டுவரலாம்.

தமிழுக்கும் இதில் ஓர் எல்லை இருக்கிறது. எங்களிடம் உள்ள பொதுச்சொல் மரியாதையோடுதான் வருகிறது. மரியாதை இல்லாத நெருக்கத்தில் அவன், அவள் என்று பிரித்தாக வேண்டும், வளர்ந்த ஆளை "அது" என்றால் இழிவு. வட்டக்கச்சி சொன்னபடி, எங்கள் பேச்சில் மரியாதைச் சொல்லே அவர், அவா என்று பிரிகிறது. ஆகவே அந்த இளையவரின் பேட்டியைப் பேச்சுநடையில் வெளியிடுவதாக இருந்தால் பெயர், "ஆள்", "தான்" ஆகியவற்றை வைத்து ஓட்டுங்கள்: "ஆள் அப்ப வவுனியாவில படிச்சுக்கொண்டிருந்தது" என்பதில் வரும் "-அது" வினை எங்கள் பக்கத்தில் நெருக்கமாகக் கேட்டாலும் அச்சில் உறுத்தும், "ஆள் அப்ப வவுனியாவில படிப்பு" என்று வினையை விட்டுவிடுவது நல்லது.

அனுப்ப முன் செய்ய வேண்டியது: இயந்திர மொழிபெயர்ப்பைத் தொட்டிருந்தால் அது "அவர்" வந்த பெரும்பாலான இடங்களில் ஹீ போட்டிருக்கும். வேர்ட் கோப்பில் கொன்ட்ரோலும் எஃபும் அழுத்தி, தேடல் விருப்பங்களில் முழுச் சொல் மட்டும் என்பதைத் தெரிவு செய்து ஹீயைத் தேடுங்கள். அதைத் தெரிவு செய்யாவிட்டால் தென், வென் போன்ற சொற்களுக்குள் இருக்கும் அதே இரண்டு எழுத்தும் பிடிபட்டு நேரம் போகும். பிறகு ஹிஸ், ஹிம், ஷீ, ஹேர். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆதாரத்தைக் குறிப்பாக எழுதுங்கள்: வரவுப் பட்டியல், படிவம், ஒலிப்பதிவில் "அவா". ஆதாரம் எழுத முடியாத ஹீ, ஷீ எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வசனத்தைத் திருப்பிக் கட்டுங்கள்.