பஸ் பஞ்சிங்: 'ஒட்டோட்டம்' சரிவருமா?

நண்பர்களே, ஒரே தடத்தில் சீராக வர வேண்டிய பேருந்துகள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து வந்துவிடுவதைத்தான் ஆங்கிலத்தில் 'பஸ் பஞ்சிங்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல்லாக 'ஒட்டோட்டம்' என்றேன். அதற்கு வந்த மறுப்பு இது:

> 'பேருந்துக் கொத்து' போதுமே. பூங்கொத்து, சாவிக்கொத்து எல்லாம் இருக்கிறதே.

பெயராக நிற்கும்வரை கொத்து சரிதான். வினையாக்கினால்தான் சிக்கல். "இந்தத் தடத்தில் மாலையில் பேருந்துகள் கொத்துகின்றன" என்று எழுதிப் பாருங்கள், கோழிதான் நினைவுக்கு வரும். இன்னொன்று, கொத்து என்றால் யாரோ சேர்த்துக் கட்டியது போல் இருக்கிறது. இங்கே யாரும் கட்டுவதில்லை.

அரை மணி நேரம் நிறுத்தத்தில் காய்ந்தவர், "வேணும்னே மூணு வண்டியையும் ஒண்ணா விடுறாங்க" என்று ஓட்டுநரைத் திட்டுவார். நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் வண்டிகள் தாமாகவே சேர்ந்துவிடுவதை 1964-லேயே நியூவெல், பாட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கணக்காகவே எழுதிக் காட்டிவிட்டார்கள். ஒரு வண்டி சிக்னலில் மாட்டி 2 நிமிடம் பிந்துகிறது. அதற்குள் அடுத்த நிறுத்தத்தில் ஆள் கூடிவிடுகிறது. ஏற்றி இறக்க நேரம் பிடிக்கிறது, இன்னும் பிந்துகிறது. பின்வண்டிக்கோ ஏற்ற ஆளில்லை. விறுவிறுவென்று ஓடி முன்வண்டியின் முதுகைத் தொட்டுவிடுகிறது. அப்புறம் முன்வண்டியில் படிக்கட்டுத் தொங்கல், பின்வண்டியில் ஜன்னலோர இருக்கை எல்லாம் காலி. ஓட்டுநர் எவ்வளவு ஒழுங்காக ஓட்டினாலும், சும்மா விட்டால் இது நடந்தே தீரும்.

அந்த 'ஒட்டிக்கொள்வது' சொல்லில் தெரிய வேண்டும் என்பதால்தான் ஒட்டோட்டம் என்கிறேன். ஒட்டு + ஓட்டம், வினைத்தொகை. ஒட்டிய ஓட்டம், ஒட்டுகிற ஓட்டம், ஒட்டும் ஓட்டம் மூன்றும் அடங்கும். 'ஒட்டோட்டத் தடுப்பு', 'தடம் ஒட்டோட்டமாகிவிட்டது' என்று வளைக்கவும் வருகிறது. குறில் நெடில் மாறி 'ஓட்டோட்டம்' என்று தட்டச்சாகும் ஆபத்து உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு வண்டி போனபின் அடுத்தது வரும்வரை ஆகும் நேரம்தான் ஹெட்வே. அதற்கு 'இடைவெளி' வேண்டாம். இரண்டு வண்டிகளுக்கு நடுவே எத்தனை மீட்டர் என்பதற்கு அந்தச் சொல் தேவைப்படும். ஹெட்வே நேரக் கணக்கு. 'இடைநேரம்' என்று வைப்போம். 'இடைவேளை' என்று ஒருவர் எழுதியிருந்தார். முறுக்கு விற்பவர் வந்துவிடுவார், வேண்டாம்.

இந்தப் பிரிவினை வீண் நுணுக்கம் இல்லை. மணிக்கு 6 வண்டி ஓடும் தடத்தில் சராசரி இடைநேரம் 10 நிமிடம். சீராக வந்தால், நேரம் பார்க்காமல் வந்து நிற்கும் பயணி சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பார். அதே 6 வண்டி இரண்டிரண்டாக ஒட்டி வந்தால் 10 நிமிடம், மும்மூன்றாக வந்தால் 15. வண்டியும் குறையவில்லை, டீசலும் குறையவில்லை, சராசரி இடைநேரமும் அதே 10 தான். காத்திருப்பு மட்டும் மூன்று மடங்கு. ஆகவே இடைநேரம் சீராக இல்லாமல் கூடிக் குறைவதைச் சொல்ல 'இடைநேரச் சிதறல்' என்ற சொல்லும் கூடவே வேண்டும்.

நிறுத்தத்தில் வண்டி நிற்கும் நேரத்துக்குத் 'தரிப்பு நேரம்' எனக்குப் பிடித்திருக்கிறது. இலங்கையில் பஸ் தரிப்பிடம் என்பது அன்றாடப் பேச்சு. நாம் புதிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை.

மாட்டிக்கொண்டு நிற்பது ஹோல்டிங்கில்தான். பின்வண்டி நெருங்கிவிட்டால் அதை ஒரு நிறுத்தத்தில் வேண்டுமென்றே சற்று நிற்கவைப்பது. பார்தோல்டி, ஐசன்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2012-ல் கால அட்டவணையையே ஓரம் வைத்துவிட்டு, தடத்தில் ஒரு கட்டுப்பாட்டு இடத்தில் இப்படி நிற்கவைத்தே இடைநேரத்தைச் சீராக்கலாம் என்று காட்டினார்கள். 'நிறுத்திவைப்பு' என்றால் அரசாணை வாடை அடிக்கிறது. 'பிடித்துவைத்தல்' என்றால் காவல் நிலையம். 'தரிக்கவைத்தல்' வரை வந்து நிற்கிறேன். நாலு எழுத்தில் யாருக்காவது அகப்படுகிறதா?