கோத்தகிரியிலிருந்து: ரெண்டு லட்சத்துக்குள் போட்டிக்கு ஏற்ற பாயிண்ட் டூ டூ (.22) ரைபிள், எதை எடுப்பது?

கோத்தகிரிப் பொண்ணு:
வணக்கம். வயசு 23. காலேஜ் என்.சி.சி.யில் பாயிண்ட் டூ டூ டீலக்ஸ் ரைபிளைத் தொட்டதில் பிடித்த கிறுக்கு, இன்னும் விடவில்லை. வார இறுதியில் மலை இறங்கி கோவையில் க்ளப் ரைபிளை வைத்து 50 மீட்டர் சுடுகிறேன். மாநிலப் போட்டிக்கும் அதே ரைபிள்தான். ப்ரோனில் (படுத்துச் சுடுவது) சமாளித்துவிடுவேன், நீலிங் (மண்டியிட்டு) சுமார். ஸ்டாண்டிங் (நின்று) வந்தால் மட்டும் பத்துக்கு ஏழும் எட்டுமாகச் சிதறுகிறது. மூன்றும் சேர்ந்த த்ரீ பொசிஷனில் ஒழுங்காக இறங்க ஆசை.

சீட்டு எடுத்த பணம் ரெண்டு லட்சம் இருக்கிறது. ரைபிள், ஜாக்கெட், தோட்டா எல்லாம் அதற்குள் அடங்கணும். ஓய்வுபெற்ற ஷூட்டர் ஒருவர் பழைய அன்ஷுட்ஸ் 1413 (ஜெர்மன் போட்டி ரைபிள்) விற்கிறார். மர ஸ்டாக் (தோளில் அணைக்கும் கட்டை), என்னைவிட வயசு கூட; கையிருப்பில் முக்கால்வாசியைக் கேட்கிறார். இல்லையென்றால் நம்ம நாட்டு ஆர்டினன்ஸ் ஃபேக்டரியின் பாயிண்ட் டூ டூ ஸ்போர்ட்டிங் ரைபிளைப் புதுசாகவே எடுக்கலாம், விலை குறைவு. கோச் என்னடாவென்றால் ரெண்டையும் விட்டுவிட்டு ஏர் ரைபிள் வாங்கு என்கிறார்.

உயரம் 5 அடி 1 அங்குலம். ஊட்டி கலெக்டர் ஆபீஸில் லைசென்ஸ் மனு கொடுத்து போலீஸ் விசாரணை முடிந்துவிட்டது. லைசென்ஸ் இன்னும் வரவில்லை. என்ன செய்யலாம்?

ஊட்டி உருளை:
எதை வாங்கினாலும் வாங்கிட்டு அப்படியே எங்க தோட்டத்துப் பக்கம் ஒரு நடை வந்துட்டுப் போம்மா. காட்டுப்பன்னி கேரட்டை வரிசை வரிசையாத் தோண்டி வச்சிருக்கு.

பீப்சைட்:
வேடிக்கைக்குச் சொன்னீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். விளையாட்டுக்கு வாங்கிய லைசென்ஸ் ரேஞ்சுக்கும் போட்டிக்கும்தான். அதை வைத்துக்கொண்டு காட்டு விலங்கைச் சுட்டால் 1972 வனவிலங்குச் சட்டமும் வரும், ஆயுதச் சட்டமும் வரும். பொண்ணு பாவம், விட்டுவிடுங்கள்.

கேள்விக்கு வருகிறேன். ஸ்போர்ட்டிங் ரைபிளை இப்போதே பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். ஓபன் சைட், கனமான ட்ரிகர், அளவு மாற்ற முடியாத ஸ்டாக். டப்பா சுடவும் கை பழகவும் நல்லது. பீப் சைட்டோடு (சின்ன ஓட்டை வழியாகக் குறி பார்ப்பது) டார்கெட் ரைபிள் வைத்திருப்பவர்கள் பக்கத்தில் அதைக் கொண்டுபோய் நின்றால் நொந்துபோவீர்கள். அதன்மேல் சைட் மாற்றுகிறேன், ட்ரிகர் மாற்றுகிறேன் என்று இறங்கினால் பழைய மேட்ச் ரைபிள் விலையைத் தொட்டுவிடும்.

பழைய ஸ்லிங்:
அம்மணி, மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. க்ளப்புல எந்த ரைபிள் வச்சு சுடறீங்க? உங்க முழங்கையை மடக்கி, அந்த மடிப்புல பட் பிளேட்டை (ஸ்டாக்கோட பின்முனைத் தகடு) வச்சுப் பாருங்க. ஆள்காட்டி விரலோட முதல் கணு ட்ரிகருக்கு வசதியா எட்டுதா, இல்லை எட்டி எட்டிப் புடிக்குதா?

கோத்தகிரிப் பொண்ணு:
க்ளப்பிலும் 1413தான் அண்ணா. விரல் நுனிதான் எட்டுகிறது. பட் பிளேட்டை முழுக்க உள்ளே தள்ளித்தான் வைத்திருக்கிறேன். ஸ்டாண்டிங்கில் நாலாவது குண்டுக்கே இடுப்பு பின்னால் வளைந்துவிடுகிறது.

பழைய ஸ்லிங்:
அதான் விசயம். 1413ங்கறது ஃப்ரீ ரைபிளுங்க, கனத்துக்குப் பெரிய கட்டுப்பாடு இல்லாத வகை. அந்தக் காலத்துல ஆறடி ஜெர்மன்காரன் கணக்குக்குச் செஞ்சது. சைட்டு, பட் ஹூக்கு எல்லாம் மாட்டினா ஏழு கிலோ வரும். ரூல்படி 50 மீட்டர் ரைபிள் 8 கிலோ வரைக்கும் இருக்கலாம். இருக்கலாம்னா இருக்கணும்னு இல்லை. ப்ரோன்ல அந்தக் கனம் உங்களுக்குத் தூக்கிக் குடுக்குது, கையில மாட்டற ஸ்லிங் வாரும் தரையும் தாங்குதில்ல. ஸ்டாண்டிங்ல தாங்கறது உங்க இடுப்பெலும்பு ஒண்ணுதான். ஸ்டாக் நீளம் வேற ஜாஸ்தி. பேரல் முன்னாடி இழுக்குது, நீங்க பின்னாடி சாயறீங்க, ஏழும் எட்டும் போகாம என்ன பண்ணும்? க்ளப்புல படற பாட்டையே காசு குடுத்து வீட்டுக்கு வாங்கிட்டு வர்றதா?

உங்க உசரத்துக்கு 1407, இல்லைன்னா அதுக்கப்புறம் வந்த 1807 தேடுங்க. தோட்டா ஏத்தி வெடிக்க வைக்கற பகுதி 1413ல இருக்கற அதே மேட்ச் 54 ஆக்‌ஷன்தான், அதே தரத்துப் பேரல்தான். பழைய ஸ்டாண்டர்ட் ரைபிள் ரூலுக்காக 5 கிலோவுக்குள்ள அடக்கிச் செஞ்சது. கனம் பத்தலைன்னா பின்னாடி எடை மாட்டிக்கலாம். இருக்கற கனத்தைக் குறைக்கறதுதான் கஷ்டம். மேட்ச் 64 ஆக்‌ஷன்ல 1903 கிடைச்சாலும் விடாதீங்க. ஆக்‌ஷன் சின்னது, லேசு, அளவு மாத்தற ஸ்டாக்கு. ‘64தானே’ன்னு மூக்கைச் சுளிக்கறவன் ஸ்கோரை ஒருக்கா கேட்டுப் பாருங்க.

பீப்சைட்:
1903 பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். துல்லியம் எவ்வளவு தேவை என்பதற்கு ஒரு கணக்கு. 50 மீட்டர் டார்கெட்டில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. குண்டு 5.6 மி.மீ. வளையத்தை வெளியிலிருந்து தொட்டாலே பத்து. அப்படியானால் குண்டின் நடு, டார்கெட் நடுவிலிருந்து 8 மி.மீ.க்குள் விழுந்தால் போதும். பெஞ்சில் வைத்துச் சுட்டு, குண்டுகளின் நடுவெல்லாம் 16 மி.மீ. விட்ட வட்டத்துக்குள் விழும்படி குரூப் (குண்டுகள் விழும் கூட்டம்) போடும் ரைபிள், தன் பங்குக்கு உங்களுக்கு அறுநூறுக்கு அறுநூறு கொடுத்துவிடுகிறது. த்ரீ பொசிஷன் தகுதிச்சுற்றில் முழு எண்தான் கணக்கு. 2024 பாரிஸில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே தகுதிச்சுற்றில் எடுத்தது 590. பேரல் நன்றாக இருக்கும் இருபது வருஷ ரைபிளுக்கும் நேற்று வந்த புதுசுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம், உங்கள் ஸ்டாண்டிங் ஸ்கோரில் தெரியவே தெரியாது.

கோச் சொன்னதைத் தள்ளாதீர்கள். 10 மீட்டர் ஏர் ரைபிள் முழுக்க ஸ்டாண்டிங்தான். உங்கள் ஓட்டை எங்கே என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. 4.5 மி.மீ. குழல், 20 ஜூலுக்கு மேல் போகாத ஏர் ரைபிளுக்கு லைசென்ஸும் வேண்டாம். வீட்டுக் கூடத்தில் 10 மீட்டர் நீளமும், பின்னால் பெல்லட் தாங்கும் தடுப்பும் இருந்தால் தினமும் சுடலாம்.

கோத்தகிரிப் பொண்ணு:
கூடம் இருக்கிறது, குறுக்கே பாட்டி கட்டிலும் இருக்கிறது. அதற்கு ஏதாவது வழி பண்ணலாம். ஆனால் ஏர் ரைபிளுக்குக் காற்று நிரப்ப கோவைக்குத்தானே ஓடணும்?

குன்னூர் மூடுபனி:
இப்ப வர்ற மேட்ச் ஏர் ரைபிளுக்கெல்லாம் 200 பார் அழுத்தத்துல காத்து வேணும். பெரிய சிலிண்டர்ல கீழயிருந்து நிரப்பிக் கொண்டுவந்து, இங்க கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்கலாம். கைப்பம்புல அடிக்கிறேன்னு மட்டும் இறங்காதே. நம்ம ஊர் ஈரக் காத்து அப்படியே உள்ள போய் ரெகுலேட்டர்ல (காத்து அழுத்தத்தைச் சீரா விடற பாகம்) தண்ணியா நிக்கும்.

இந்தத் தொல்லையே வேண்டாம்னா பழைய ஃபைன்வெர்க்பாவ் 300 எஸ் ஏர் ரைபிள் கிடைக்குதான்னு பாரு. ஸ்பிரிங் பிஸ்டன், பக்கத்து லீவரை இழுத்து விட்டா ஆச்சு. சுடும்போது ஆக்‌ஷன் பின்னால சறுக்கி உதையை முழுங்கிடும். இன்னிக்குத் தேசியப் போட்டிக்குத் தூக்கிட்டுப் போக அது பழசு. மலை மேல ஸ்டாண்டிங் பழக அருமையான சாமான்.

பழைய ஸ்லிங்:
ஏர் ரைபிளை வேண்டாம்னு நானும் சொல்லலைங்க. ஆனா ரெண்டு லட்சத்தை அதுல போட்டுட்டா பாயிண்ட் டூ டூ கனவு அப்படியே தள்ளிப் போயிரும். லைசென்ஸ் வர்ற வரைக்கும் க்ளப்பு ஏர் ரைபிள்ல ஸ்டாண்டிங் பழகட்டும், வந்தாட்டிப் பாயிண்ட் டூ டூ வாங்கட்டும். நம்ம யோசனை இதுதான்.

அந்த 1413ஐ எதுக்கும் ஒருக்கா போய்ப் பாத்துட்டு வாங்க அம்மணி. வாங்கறதுக்கில்லை, பேரல் பாக்கப் பழகறதுக்கு. நாளைக்கு 1807 வந்தாலும் இதே வேலைதான். போல்ட்டை உருவி வச்சுட்டு, மொதல்ல பேரலை நல்லாச் சுத்தம் பண்ணச் சொல்லுங்க. அப்புறம் போர்ஸ்கோப் (குழலுக்குள்ள பாக்கற கருவி) விட்டு, சேம்பர் (தோட்டா உக்கார்ற இடம்) முடிஞ்சு வரி ஆரம்பிக்கற இடத்தைப் பாருங்க. இந்த ரிம்ஃபயர் தோட்டாவோட ப்ரைமர்ல (பத்த வைக்கற மருந்து) கண்ணாடித்தூள் இருக்குமுங்க. சுடச்சுட அது அடிப்பக்கம், ஆறு மணி நேர்ல உக்காந்து அரிக்கும். சாம்பக்கலர்ல சொறசொறன்னு ஒரு திட்டு தெரியும். சுத்தம் பண்ணினதுல போயிட்டா அது கார்பன், கவலையில்லை. போகலைன்னா அரிப்பு, பேரலோட ஆயுசு அங்கதான் எழுதியிருக்குது. அடுத்தாப்புல பேரல் வாய். நகத்தை உள்ளிருந்து வெளிய இழுத்தா எங்கயும் சிக்கக்கூடாது.

சைட்டு ரெண்டும், ஹேண்ட் ஸ்டாப்பும் (முன்கையை நிறுத்தற துண்டு) விலையில சேருதான்னு கேளுங்க. பின் சைட்டைத் தனியா வாங்கப் போனா அழுதுருவீங்க. ஒரே தோட்டாவுல சுட்டுப் பாத்துட்டுத் தீர்ப்பு சொல்லாதீங்க. ஒரு ரைபிளுக்குப் புடிச்ச லாட்டு (ஒரே தடவையில தயாரான தோட்டா) இன்னொண்ணுக்குப் புடிக்காது. க்ளப்புல இருக்கற எஸ்.கே., ஈலி (Eley), லாபுவா எந்தக் கம்பெனித் தோட்டாவானாலும் மூணு நாலு லாட்டு வச்சு, பெஞ்சுல பத்துப் பத்தாப் போடுங்க.

பீப்சைட்:
சட்டம் ஒரு வரி. லைசென்ஸ் கைக்கு வராமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். டீலர் அல்லாத தனியாள் விற்பதென்றால், அவர் மாவட்ட நிர்வாகத்துக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகுதான் கைமாற்றலாம்.

குன்னூர் மூடுபனி:
வாங்கின பிறகு வர்ற கஷ்டத்தை யாரும் சொல்லலையே. கோத்தகிரி 1,800 மீட்டர் உசரம், மேட்டுப்பாளையம் அடிவாரம். விடிகாலை சில்லுன்னு இருக்கிற ரைபிளைக் கொண்டுபோய் கோவை ரேஞ்சுல இறங்கின உடனே பெட்டியைத் திறந்தா, ஃப்ரிட்ஜுல இருந்து எடுத்த தண்ணி பாட்டில் மாதிரி பேரல் முழுக்க வேர்த்துப் போகும். பெட்டியை மூடியே அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் வச்சிட்டு அப்புறம் திற. போல்ட் உள்பக்கத்தையும் துடை.

நம்ம பக்கம் ஐப்பசி, கார்த்திகையில ஊத்துற மழையில மர ஸ்டாக் ஈரம் குடிக்கும். ஆக்‌ஷன் ஸ்க்ரூ இறுக்கம் மாறி, குரூப் தானா நகரும். டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முடுக்குற சாவி) ஒண்ணு வாங்கி, போட்டிக்கு முன்னால பாத்துக்கோ. வீட்டுல ஸ்பாஞ்ச் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டாதே, ஸ்பாஞ்சே ஈரத்தைப் புடிச்சு வச்சுக்கும். மெல்லிசா எண்ணெய் தடவி, காத்துப் படுற இரும்பு அலமாரியில சிலிக்கா ஜெல்லோட வை. ஜாக்கெட்டையும் லெதர் கிளவ்ஸையும் மடிச்சுப் போட்டா பூஞ்சணம் பூக்கும்; தொங்கவிடு.

கோத்தகிரிப் பொண்ணு:
எல்லாருக்கும் நன்றி. போன வாரம் 1413ஐப் பார்த்துவிட்டு வந்தேன். சுத்தம் செய்த பிறகும் ஆறு மணிப் பக்கம் திட்டு அப்படியே இருந்தது. ஒரு லாட்டில் 17 மி.மீ., மற்றதெல்லாம் 20க்கு மேல். அவர் விலையில் இறங்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. லைசென்ஸ் வந்துவிட்டது! மதுரைப் பக்கம் ஒரு 1807 இருப்பதாகக் கோச் விசாரித்துச் சொல்லியிருக்கிறார். விலை இதைவிடக் கொஞ்சம் கூட. அதை எடுத்தால் ஜாக்கெட்டுக்குக் காசு பத்தாது. பழைய ஜாக்கெட் வாங்கலாமா?

பழைய ஸ்லிங்:
சந்தோசமுங்க. 1807 பேரல் சுத்தமா இருந்தா எடுத்துருங்க. பழைய ஜாக்கெட்டு வாங்கலாம், ஆனா உங்க அளவுக்கு இருக்கோணும். தொளதொளன்னு ஆம்பளை ஜாக்கெட்டை வாங்கிப் புடிச்சுத் தைச்சா மடிப்பு மடிப்பா வந்து 2.5 மி.மீ. கனத்தைத் தாண்டிரும், எக்விப்மென்ட் கன்ட்ரோல்ல (போட்டிச் சாமான் சோதனை) திருப்பி அனுப்பிருவாங்க. பழசுலயும் உங்க அளவு கிடைக்கலைன்னா க்ளப்பு ஜாக்கெட்டுல இந்த சீசனை ஓட்டுங்க. மிச்சக் காசு முழுக்கத் தோட்டாவுக்கு. புடிச்ச லாட்டு தெரிஞ்சதும் அதே லாட்டு நம்பர்ல, லைசென்ஸ்ல எவ்வளவு அனுமதியோ அவ்வளவையும் எடுத்து வச்சுக்கோங்க. அடுத்த தடவை அந்த நம்பர் வராது.

ஊட்டி உருளை:
வாழ்த்துக்கள் பாப்பா. பன்னிக்கு நாங்க சோலார் வேலி போட்டுக்கறோம்.