மறுமொழி: நெக் ரீசெட் – ‘வாட்டத் திருத்தம்’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். கிட்டாரில் ‘நெக் ரீசெட்’ என்ற வேலைக்கு, அதாவது கழுத்து உடம்போடு சேரும் கோணத்தைச் சரிசெய்வதற்கு, என்ன தமிழ்ச் சொல் வைக்கலாம் என்று நேற்றிலிருந்து ஓடும் இழையைப் படித்தேன். வடபழனிப் பக்கம் கிட்டார் பழுது பார்க்கும் நண்பர் ஒருவரின் பட்டறையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது என் வழக்கம். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

> ‘கழுத்து மீளமைப்பு’ என்றால் யாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறு ஏதோ புரியும். உடைந்த கழுத்தை ஒட்டுகிறார்கள் என்று ஒருவர் நினைப்பார், கழற்றிப் புதிது போடுகிறார்கள் என்று இன்னொருவர் நினைப்பார். இந்த வேலைக்கு வரும் கிட்டாரில் கழுத்து பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அது உடம்போடு சேரும் கோணம்தான் கெட்டிருக்கும்.

எஃகுக் கம்பி போட்ட கிட்டாரைச் சுருதி சேர்த்து வைத்தால் ஆறு கம்பிகளின் மொத்த இழுவை 70 கிலோவைத் தாண்டும். வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் அந்தப் பாரம் இருந்துகொண்டே இருக்கும். வருடக்கணக்கில் அது இழுத்து இழுத்து, உடம்பின் மேல்பகுதி கொஞ்சம் நெளிந்து, கழுத்து முன்பக்கம் சாய்ந்துவிடும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, விரலுக்குத் தெரியும். 12ஆம் மெட்டில் (மெட்டு என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கீற்று, ஆங்கிலத்தில் ஃப்ரெட்) 2.5 மி.மீ. அளவில் இருக்க வேண்டிய கம்பி உயரம் 4 மி.மீட்டருக்குப் போய்விடும். உடனே குதிரையை, அதாவது உடம்பின் மேல் கம்பியைத் தாங்கும் எலும்புத் துண்டை, தேய்த்துக் கம்பியை இறக்குவார்கள். அது கொஞ்ச காலம் ஓடும். தேய்க்கத் தேய்க்கக் கம்பி குதிரையை அழுத்துவது குறையும், நாதமும் மெலியும். தேய்க்க ஒன்றும் மிஞ்சாத கட்டத்தில்தான் ரீசெட் பற்றிய பேச்சே வரும்.

> உள்ளே ஒரு இரும்புத் தண்டு இருக்கிறதே, அதைத் திருகினால் போதாதா?

போதாது தம்பி. பாதிப் பேருக்கு இந்தக் குழப்பம் இருக்கிறது, அதனால்தான் சொல்லை யோசித்து வைக்க வேண்டும் என்கிறேன். அந்த டிரஸ் ராட் கழுத்தின் நீளவாக்கில் உள்ள வளைவை மட்டும் கூட்டும், குறைக்கும். கழுத்து உடம்பில் எந்தச் சாய்வில் உட்கார்ந்திருக்கிறது என்பதை அது தொடாது. வளைவு வேறு, சாய்வு வேறு. நீண்ட இரும்பு ஸ்கேலை மெட்டுகளின் மேல் படுக்க வைத்துக் குதிரைப் பக்கம் நீட்டிப் பாருங்கள். ஸ்கேல் முனை குதிரைப் பலகையின் மேல்விளிம்பை ஒட்டி நின்றால் நல்லது. அதற்குக் கீழே போய் பலகையின் பக்கவாட்டில் முட்டினால், டிரஸ் ராடை எத்தனை சுற்று சுற்றினாலும் பிரயோஜனம் இல்லை.

கழற்றும் வேலையையும் சொல்லிவிடுகிறேன். பழைய பாணி கிட்டார்களில் கழுத்தின் அடியில் விரிந்த வால் போல ஒரு மர நாக்கு இருக்கும். அது உடம்பில் வெட்டிய பள்ளத்துக்குள் இறங்கி, வச்சிரப் பசையில் (விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை) உட்கார்ந்திருக்கும். உடம்புக்கு மேல் படிந்திருக்கும் மெட்டுப்பலகையின் வால்பகுதியை முதலில் சூடு காட்டி இளக்கி, மெல்லிய தகட்டை நுழைத்து நெம்ப வேண்டும். அப்புறம் 15ஆம் மெட்டைப் பிடுங்கி, அது இருந்த வெட்டில் சின்னத் துளை போட்டு, உள்ளே நாக்குக்கும் பள்ளத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் நீராவி விட வேண்டும். (15ஆம் மெட்டு என்பது 14ஆம் மெட்டில் கழுத்தும் உடம்பும் சேரும் கிட்டார்களுக்கு.) நண்பரிடம் இதற்கென்று ஒரு பழைய குக்கர் இருக்கிறது. வெயிட் போடும் இடத்தில் சூடு தாங்கும் குழாயைச் செருகி, மறுமுனையில் ஃபுட்பாலுக்குக் காற்றடிக்கும் ஊசியை மாட்டியிருக்கிறார். குக்கர் சீறத் தொடங்கியதும் ஊசியைத் துளையில் வைப்பார். கொஞ்ச நேரத்தில் இடுக்கு வழியே பழுப்பு நீர் கசியும், பட்டறை முழுக்கப் பழைய தோல் வாடை அடிக்கும். வச்சிரம் இளகுகிறது என்று அர்த்தம். கழுத்தைச் சட்டத்தில் மாட்டி அடியிலிருந்து திருகுவார். ‘டப்’ என்று ஒரு சின்னச் சத்தத்தோடு விடும். முன்பு யாராவது நீராவிக்கு எளிதில் இளகாத எபாக்சிப் பசை ஊற்றி ஒட்டியிருந்தால் இந்தச் சுகம் கிடைக்காது.

கழற்றிய பிறகு நடப்பதுதான் நம் விவாதத்துக்கு முக்கியம். கழுத்தின் அடி உடம்பைத் தொடும் முகத்தில் துளி மரம் சீவுகிறார்கள். மேலே சொன்ன ஸ்கேல் கோடு குதிரைப் பக்கம் 3 மி.மீ. உயர வேண்டுமானால் அடியின் கீழ்முனையில் சுமார் 1 மி.மீ. எடுத்தால் போதும். மேல்முனையில் ஒன்றும் எடுப்பதில்லை. சீவியதால் நாக்கு தளர்ந்திருந்தால் இருபுறமும் மரச்சீவல் ஒட்டி இறுக்கம் கொடுத்து, மறுபடி பசை போட்டுச் செருகுகிறார்கள். வேலையின் சாரம் அந்த 1 மி.மீ.தான். மற்றதெல்லாம் அதற்கு வழிவிடுவது.

சென்னைக் கொத்தனாரிடம் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: வாட்டம். மொட்டை மாடியில் தளம் போட்டதும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு, “வாட்டம் சரியா இல்ல, இந்தப் பக்கம் எடுக்கணும்” என்பார். அளந்து வைக்கும் சாய்வு, கண்ணுக்குத் தெரியாத சாய்வு, தப்பினால் காரியம் கெடும் சாய்வு. நமக்கு வேண்டியது அதேதான். ஆக, நெக் ஆங்கிளுக்கு ‘தண்டு வாட்டம்’ (நெக்கைத் தண்டு என்பது ஏன் என்று கீழே சொல்கிறேன்), நெக் ரீசெட்டுக்கு ‘வாட்டத் திருத்தம்’ என்பது என் முன்மொழிவு. டிரஸ் ராட் செய்வது ‘வளைவுத் திருத்தம்’. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மேலே தம்பி கேட்ட கேள்வியே எழாது.

> வாட்டம் என்றால் வாடிப்போதல். முகவாட்டம் நினைவுக்கு வருகிறது.

வரட்டுமே அம்மா. படி ஏறுகிறோம், சம்பளத்தில் படி தருகிறார்கள், புத்தகத்தைப் படி என்கிறோம். யாரும் தடுமாறுவதில்லை. பட்டறையில் வாட்டம் என்றால் சாய்வு.

கழுத்தா தண்டா என்பதில் நான் தண்டுக் கட்சி. கழுத்து என்று தொடங்கினால் அடுத்த வரியில் ‘ஹீல்’ (கழுத்தின் அடிக்கு ஆங்கிலப் பெயர்) வந்து நிற்கும். கழுத்துக்குக் குதிகால் என்று எழுதிவிட்டு யார் சிரிக்காமல் இருப்பது? தண்டு என்றால் தண்டின் அடி, முடிந்தது. வீணைக்காரர்கள் ஏற்கெனவே தண்டி, மெட்டு, குதிரை, பிரடை என்று வைத்திருக்கிறார்கள். இன்னும் பின்னால் போனால் பொருநராற்றுப்படை யாழின் தண்டை மருப்பு என்கிறது, தலை தூக்கிய பாம்பை அதற்கு உவமை சொல்கிறது. அழகுதான், ஆனால் கிட்டார் கடையில் போய் மருப்பு என்று கேட்க முடியாது. குதிரையில் மட்டும் கவனம் வேண்டும். கிட்டாரில் கம்பியைத் தாங்கும் எலும்புத் துண்டுதான் வீணைக் குதிரையின் வேலையைச் செய்கிறது. எனவே சேடிலுக்குக் குதிரை, அது உட்காரும் பிரிட்ஜுக்குக் குதிரைப் பலகை.

கடைசியாக ஒன்று. ஸ்பானிய முறையில் செய்த கிளாசிக்கல் கிட்டாரில் பக்கப் பலகைகளைத் தண்டின் அடியிலேயே வெட்டிய பிளவில் செருகிவிடுவார்கள். ஒட்டு வீணைக்கு ஒட்டு பிரியும், ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையில் பிரிக்க இடமேது? அதுபோல இந்தத் தண்டையும் தனியே கழற்ற வழியில்லை. அதில் இதே கோளாறு வந்தால் மெட்டுப்பலகையை எடுத்துவிட்டு, ஆப்பு போல ஒரு முனை தடித்த பலகையை ஒட்டுவதும் உண்டு. தண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். ‘மீளமைப்பு’, ‘மறுபொருத்தம்’ எல்லாம் அங்கே பொருந்தாது, ‘வாட்டத் திருத்தம்’ பொருந்தும்.

மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள். இல்லாவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடலாம். மேலே சொன்ன விரிந்த வால் போன்ற நாக்கு இணைப்புக்கு, அதாவது ‘டவ்டெயி’லுக்கு, சொல் இன்னும் பாக்கி. ‘புறாவால் இணைப்பு’ என்று நம் பழைய பட்டியலில் இருப்பதை அப்படியே விடலாமா, அல்லது ‘விரிநாக்கு’ என்று மாற்றலாமா என்று மரவேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
வடபழனியிலிருந்து