ஆர்கன்-ஆன்-சிப்: ‘உறுப்புச்சில்லு’ போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

‘ஆர்கன்-ஆன்-சிப்’ (organ-on-a-chip) என்பதற்குத் தமிழ்ச் சொல்லாக இதுவரை நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன: செயற்கை உறுப்பு, சில்லுறுப்பு, சில்லில் உறுப்பு, உறுப்புச்சில்லு. முதலாவதை இப்போதே விலக்கிவிடலாம். செயற்கை உறுப்பு நோயாளியின் உடலில் பொருத்துவது. இதுவோ மனிதருக்குக் கொடுக்கும் முன் மருந்தைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வகக் கருவி.

கருவியைப் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம். கைக்கு அடக்கமான, ஒளி ஊடுருவும் சிலிக்கோன் கட்டி. உள்ளே மேலும் கீழுமாக இரண்டு தடங்கள், நடுவில் நுண்துளைகள் கொண்ட மென்படலம். மேல் தடத்தில் உறுப்பின் உயிரணுக்கள்; கீழ்த் தடத்தில் குருதிக்குழாயின் உட்சுவர் உயிரணுக்கள். ஹார்வர்டின் வீஸ் நிறுவனத்தில் டொனால்ட் இங்பர் குழு 2010இல் வெளியிட்ட நுரையீரல் மாதிரியில் படலத்தின் தடிப்பு 10 மைக்ரோமீட்டர். இருபுற அறைகளில் வெற்றிடத்தை ஏற்றி இறக்கினால், மூச்சு விடுவதுபோல் படலம் இழுபட்டுத் தளரும். ஆனால் அதற்குள் நுரையீரல் இல்லை. காற்று நுண்ணறையும் குருதி நுண்குழாயும் சந்திக்கும் எல்லை ஒன்றுதான் இருக்கிறது.

தமிழ்த் தொகையில் பின்னால் நிற்பதே தலைச்சொல். ‘சில்லுறுப்பு’ என்றால் அது ஓர் உறுப்பு. ‘உறுப்புச்சில்லு’ என்றால் அது ஒரு சில்லு. பின்னதே உண்மை. சிறுநீரகச்சில்லு, குடற்சில்லு என்று இயல்பாகக் கிளைக்கவும் செய்யும்.

———

> பின்னதே உண்மை.

ஐயா, இலக்கணத்தில் மறுப்பில்லை. எனக்கு இரண்டு தடைகள்.

சில்லு என்றால் உடைந்த துண்டும்தான், ஓட்டுச்சில்லு என்கிறோமே. நச்சியல் ஆய்வில் கல்லீரலைச் சுமார் 250 மைக்ரோமீட்டர் தடிப்பில் சீவி, அந்தத் துண்டை உயிரோடு வைத்து மருந்தைச் சோதிக்கும் முறை உண்டு. ‘கல்லீரல்சில்லு’ என்று படிப்பவர் அதைத்தானே நினைப்பார்?

அடுத்தது, இந்தச் சொல்லில் ஓட்டம் இல்லை. ஓட்டத்தை எடுத்துவிட்டால் இக்கருவி விலை கூடிய வளர்ப்புத் தட்டுதான். 2012இல் அதே நிறுவனம் வெளியிட்ட குடல் மாதிரியில் உயிரணுக்களை வளர்க்கும் ஊட்ட நீர்மமான ஊடகம் மணிக்கு 30 மைக்ரோலிட்டர் ஓடியது; படலம் 10 சதவீதம் நீண்டு சுருங்கியது. சாதாரணத் தட்டில் தட்டையாகவே கிடக்கும் காக்கோ-2 என்னும் மனிதக் குடல் உயிரணுக்கள் அங்கே குடலுறிஞ்சிகளைப்போல மடிந்து எழுந்தன. தடத்தின் உயரமும் சிறிய விவரமல்ல. அகலத்தையும் ஓட்ட அளவையும் மாற்றாமல் உயரத்தை மட்டும் பாதியாக்கினால், உயிரணுமேல் விழும் கொய்வுத் தகைவு (ஓட்டம் பரப்பை உரசி இழுக்கும் அழுத்தம்) ஏறத்தாழ நான்கு மடங்காகிவிடும். ‘பாய்வுச்சில்லு’ என்றால் என்ன?

———

‘பாய்வுச்சில்லு’ வேண்டாம் அம்மா. உயிரணுவே இல்லாத நுண்பாய்மச் சில்லுகள் எத்தனையோ உண்டு, அவற்றிலும் பாய்வுதான். ஓட்டத்தை வரையறையில் சொல்வோம், பெயரில் உறுப்பு இருக்கட்டும்.

துண்டுக்குழப்பம் மெய்யானது. அந்த முறைக்குக் ‘கல்லீரல் சீவல்’ என்று பெயரிட்டால் தீரும், சீவித்தானே எடுக்கிறார்கள்! சில்லு என்பது இங்கே வெறும் உவமையும் அல்ல. மின்னணுச் சில்லைச் செய்யும் ஒளிப்பொறிப்பு (ஃபோட்டோலித்தோகிராஃபி) முறையில்தான் இதன் அச்சு உருவாகிறது. பி.டி.எம்.எஸ் என்னும் சிலிக்கோன் பிசினையும் இறுக்கியையும் எடையில் 10-க்கு 1 கலந்து, குமிழி போக வெற்றிடத்தில் வைத்து, அச்சில் ஊற்றி, சூட்டில் இறுக்கி உரிக்கிறார்கள். பிறகு இரு பரப்புகளுக்கும் ஆக்சிஜன் பிளாஸ்மா காட்டிச் சில நிமிடங்களுக்குள் ஒட்டவேண்டும். தாமதித்தால் பரப்பு மீண்டும் நீர்விலக்கியாகிவிடும், தடம் கசியும்.

இந்தப் பெயரைவிட என்னை அதிகம் கவலைப்படுத்துவது பக்கத்தில் நிற்கும் இன்னொரு சொல். பி.டி.எம்.எஸ் கொழுப்பில் கரையும் சிறு மூலக்கூறுகளைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். 10 மைக்ரோமோலார் செறிவில் மருந்தை விட்டோம், உயிரணுக்கள் சாகவில்லை, எனவே நஞ்சில்லை என்று எழுதிவிடுவார்கள். மருந்தில் பெரும்பகுதி சுவருக்குள் போயிருக்கும். இதைப் ‘பரப்புக் கவர்தல்’ என்று மொழிபெயர்த்தால், கழுவினால் போய்விடும் என்ற பொருள் வந்துவிடுகிறது. இது ‘உட்கவர்தல்’. கழுவினாலும் போகாது, பின்னர் மெல்லக் கசிந்து அடுத்த அளவீட்டையும் கெடுக்கும். உயிரணு இல்லாத வெற்றுச்சில்லு ஒன்றில் அதே மருந்தை ஓட்டி, நுழைவாயிலிலும் வெளிவாயிலிலும் செறிவை அளந்தால்தான் உயிரணுவைத் தொட்ட அளவு தெரியும். ‘வெற்றுச்சில்லு’ என்பதையும் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கவேண்டும்.

குமிழியும் அப்படித்தான். குளிர்ந்த ஊடகத்தை நேரே ஏற்றினால், 37 டிகிரியில் கரைந்த வளி வெளிவந்து குமிழியாகும். தடத்தை அடைக்கும், போகும் வழியில் உயிரணுக்களை உரித்தெடுக்கும். முன்கூட்டிச் சூடாக்கி வெற்றிடத்தில் ‘வளிநீக்கம்’ செய்யவேண்டும். குழாய்வழியில் வைக்கும் அமைப்புக்குக் ‘குமிழிப்பொறி’ பொருந்தும்.

———

சீவல் என்பதை ஏற்கிறேன்; என் முதல் தடை நீங்கியது.

பல உறுப்புகளை ஒரே ஓட்டத்தில் இணைக்கும் சில்லுக்கு ‘பல்லுறுப்புச்சில்லு’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். அது கூடாது. பல்லுறுப்பி ஏற்கெனவே பாலிமர். சில்லே பாலிமரால் ஆனது என்பதால் யாரும் தவறாகத்தான் படிப்பார்கள். ‘இணையுறுப்புச்சில்லு’ என்கிறேன்.

தலைச்சொல் பற்றி ஒரு சான்று. விலங்குச் சோதனைக் கட்டாயத்தை நீக்கி 2022 டிசம்பரில் அமெரிக்கா இயற்றிய சட்டம் மாற்று முறைகளை அடுக்கும்போது ‘ஆர்கன் சிப்ஸ்’ என்றே சொல்கிறது; ‘மைக்ரோஃபிசியாலஜிகல் சிஸ்டம்ஸ்’ என்பதையும் உடன் வைக்கிறது. அதே மாதம் வெளியான ஆய்வொன்றில் 870 கல்லீரல்சில்லுகளில் 27 மருந்துகளைச் சோதித்தார்கள். மனிதக் கல்லீரலைக் கெடுக்கும் மருந்துகளில் 87 சதவீதத்தைச் சில்லு அடையாளம் கண்டது, கெடுக்காதவற்றில் எதையும் தவறாகச் சுட்டவில்லை. அங்கும் தீர்ப்புச் சொன்னது சில்லு, கல்லீரல் அல்ல.

பதிவுக்கான வரைவு:

உறுப்புச்சில்லு (பெ.): ஓர் உறுப்பின் செயல் அலகை உயிருள்ள அணுக்களால் அமைத்து, இடைவிடாத ஊடக ஓட்டத்தில் இயக்கும் நுண்தடக் கருவி. ஒப்பு: வெற்றுச்சில்லு, இணையுறுப்புச்சில்லு. வேறு: செயற்கை உறுப்பு, கல்லீரல் சீவல்.

‘மைக்ரோஃபிசியாலஜிகல் சிஸ்டம்’ இதைவிட விரிந்தது, சில்லில்லாதவற்றையும் தழுவும். அதற்கு ‘நுண்ணுடலியங்கு அமைப்பு’ என்று தனி இழை தொடங்குகிறேன்.