6061 அலுமினியம்: வெல்டு நிற்கிறது, பக்கத்தில் அறுகிறது

கோவையில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். 6061-டி6 (சூட்டில் பதப்படுத்தி முழு வலு ஏற்றிய) தகடு, 6 மிமீ கனம், பட் ஜாயின்ட் (விளிம்போடு விளிம்பு), ஏசி டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையில்), ஃபில்லர் (உருக்கிச் சேர்க்கும் கம்பி) 4043. மூன்று வாரமாக ஒரே தொல்லை. தகடு தனியாக 310 மெகாபாஸ்கல் தாங்குகிறது. வெல்டு செய்த துண்டோ 170இலேயே போய்விடுகிறது. வெல்டில் கீறல்கூட இல்லை. அதிலிருந்து 10 மிமீ தள்ளி, சவ்வு மிட்டாய் மாதிரி இழுபட்டு அறுகிறது.

ஃபில்லரை 5356க்கு மாற்றிப் பார்த்தேன், பலனில்லை (உடைவதே அங்கே இல்லையே!). ஆம்பியரைக் குறைத்து, வேகத்தைக் கூட்டி, ஒவ்வொரு பாஸுக்கும் (வெல்டு ஓட்டத்துக்கும்) நடுவில் ஆறவிட்டேன். 185 வந்தது, அவ்வளவுதான். சூட்டில், தகட்டுக்கு வலு தரும் மெக்னீசியம் சிலிசைடு துகள்கள் பருத்துப்போவதால் வலு குறைகிறது, அது சரி. ஆனால் வலுவை மீட்க மறுபடி 530 டிகிரிக்குச் சூடாக்கித் தண்ணீரில் முக்கினால் வெல்டு செய்த ஃபிரேம் முறுக்கிக்கொள்ளும். உராய்வு வெல்டிங் மெஷின் வாங்க வசதியில்லை.

டி4 (சூடாக்கி முக்கியபின் ஏஜிங் சூடு கொடுக்காத) தகட்டை 4043 வைத்து வெல்டு செய்து, அப்புறம் 177 டிகிரியில் 8 மணி நேரம் ஏஜிங் (மிதமான சூட்டில் வைத்து வலு ஏற்றுவது) கொடுத்தவர்களுக்கு எத்தனை மெகாபாஸ்கல் கிடைத்தது?