கைட்டோசான்–ஹைட்ராக்ஸிஅபடைட்: 11.7-இல் பீக் வருகிறது, எங்கே தப்பு?

முல்லை_எம்எஸ்சி:
வணக்கம். கைட்டோசானும் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் பாலிமர்) ஹைட்ராக்ஸிஅபடைட்டும் (எலும்பில் உள்ள வகைக் கால்சியம் பாஸ்பேட் கனிமம்) சேர்ந்த கலப்பினப் பொருள் செய்யப் பார்க்கிறேன். கைட்டோசானை 2% அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, அதில் கால்சியம் நைட்ரேட் சேர்த்து, அம்மோனியா கலந்த (பிஎச் 10) டைஅம்மோனியம் ஹைட்ரஜன் பாஸ்பேட்டை அதன்மேல் சொட்டுச் சொட்டாக விட்டேன். கால்சியம்–பாஸ்பரஸ் விகிதம் 1.67. வெள்ளையாக நல்ல வீழ்படிவு. ஆனால் எக்ஸ்ஆர்டியில் (எது என்ன படிகம் என்று காட்டும் எக்ஸ்-கதிர் சோதனை) 11.7 டிகிரியில் கூரான பீக், அபடைட் வர வேண்டிய 32 பக்கம் வெறும் மேடு. லேபில் ஒருவர் 800 டிகிரியில் சுட்டால் சரியாகிவிடும் என்கிறார். சுடலாமா?

படிகம்77:
சுடாதீர்கள் தங்கச்சி! 250 தாண்டும்போதே கைட்டோசான் சிதையத் தொடங்கிவிடும், 800-இல் வெறும் கனிமம்தான் மிஞ்சும். 11.7 ப்ரஷைட், அதாவது வேறொரு கால்சியம் பாஸ்பேட். அது அமிலத்தில் உருவாவது, நீங்கள் சொட்டுவிட்ட பீக்கரில் முதல் அரைமணி நேரம் முழுக்க அமிலம்தானே. ஊற்றும் வரிசையை மாற்றுங்கள்: பாஸ்பேட் கீழே, கைட்டோசான்–கால்சியம் மேலிருந்து. அபடைட் உருவாக உருவாக காரத்தைத் தின்றுகொண்டே இருக்கும், அம்மோனியாவும் ஆவியாகிப் போகும், அதனால் மீட்டரை உள்ளேயே வைத்து பிஎச் 10-க்குக் கீழே இறங்கும்போதெல்லாம் அம்மோனியா விடுங்கள், ஃப்யூம் ஹூட்டுக்குள்தான். பிறகு ஒரு நாள் அப்படியே ஊற விடுங்கள். 32 பக்க மேட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், படிகம் நானோ அளவில் இருந்தால் அப்படித்தான் அகலும், நம் எலும்பின் அபடைட்டும் அதே மாதிரிதான் தெரியும்.
கால்சியம் நைட்ரேட் பாட்டிலையும் பாருங்கள். ஈரம் கோத்திருந்தால் எடை பொய் சொல்லும், 1.67 தாளில் மட்டும்தான் இருக்கும்.

ஆய்வகத்து_அக்கா:
படிகம்77 சொன்னது சரி. ஆனால் ப்ரஷைட் போனாலும் இது கலப்பினப் பொருள் என்று வைவாவில் எப்படிச் சொல்வாய்? தனியாகச் செய்த அபடைட்டையும் கைட்டோசானையும் அதே விகிதத்தில் உரலில் அரைத்து ஒரு சாம்பிள் வை. உன் வீழ்படிவு, இந்த அரைத்த கலவை இரண்டின் எஃப்டிஐஆரையும் (வேதிப் பிணைப்புகளைக் காட்டும் அகச்சிவப்பு நிறமாலை) ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு 1650, 1590 பக்கம் கைட்டோசானின் பட்டைகள் நகர்ந்திருக்கிறதா என்று பார். நகராவிட்டால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான். 1384-இல் ஊசி மாதிரி ஒன்று நின்றால் அது நைட்ரேட், இன்னும் கழுவ வேண்டும். டிஜிஏவைக் (சூடாக்கும்போது எடை குறைவதை அளக்கும் சோதனை) காற்றில் ஓட்டு, நைட்ரஜனில் கரி மிஞ்சிக் கனிமம் அதிகம் என்று காட்டிவிடும்.

முல்லை_எம்எஸ்சி:
அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. இப்போதுதான் பாட்டிலைத் திறந்து பார்த்தேன், ஸ்பேட்டுலா இறங்கவில்லை, அடியில் ஈரக் கட்டியாக இறுகிக் கிடக்கிறது. புதுப் பாட்டில் கேட்டிருக்கிறேன். வரிசையை மாற்றிச் செய்து எக்ஸ்ஆர்டி வந்ததும் இங்கேயே போடுகிறேன்.